அறுபது அடி கூழாங்கல்

வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் அறுபது அடி. ஓவர்சியர் நன்றாக நடமாடிய காலத்தில் டேப் பிடித்து அளந்து வைத்த அளவு அது. யாராவது வாய் தவறி ஐம்பது என்றுவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இப்போது ஐம்பது என்றாலும் சரி, ஐந்நூறு என்றாலும் சரி, அவரால் திருத்த முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, முகத்தில் பாதிச் சவரம் முடிந்த நிலையில், வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போயிற்று. பசிக்கும் கோபத்துக்கும் 'ஆவ்' என்று ஒரே சத்தம்தான்.

அந்த அறுபது அடியும் வெறும் மண். ஊருக்கெல்லாம் ரோடு போட்டவர், முப்பத்தாறு வருஷம் தார்ச் சூட்டில் நின்றவர், சொந்த வீட்டுக்கு மட்டும் ஒரு பாதை போடவில்லை. மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. கேட்டவர்களிடம், "போடலாம், பாப்போம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். ஏன் போடவில்லை என்பது அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும்தான் தெரியும். தெருவில் அவளை எல்லோரும் ஓவர்சியரம்மா என்பார்கள்.

விஷயம் இதுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஓவர்சியர் ஒரு பலகையை எடுத்து, கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு கஜ மண்ணை மட்டமாக இழுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்பி வந்ததும் குனிந்து பார்ப்பார். செருப்புத் தடம் இருந்தால் போச்சு. "எங்க போன? யாரு வந்தா? போன தடம் ஒண்ணு, வந்த தடம் ரெண்டா இருக்கே?" பால்காரர் பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்து வைத்த தடத்துக்குக்கூட அவள் பதில் சொல்லியிருக்கிறாள். கை நீட்டும் மனிதர் இல்லை. அடித்திருந்தால் நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவார், அவளையும் எதிரே உட்கார வைப்பார், விடிய விடிய ஒரு வார்த்தை பேச மாட்டார். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளில் அவள் இரண்டு தடவைதான் போனாள். மூன்றாவது தடவை போனபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ஆக, அவர் விழுந்த அன்று ஓவர்சியரம்மா அழுததைத் தெருவே பார்த்தது. அழத்தான் செய்தாள். ஆனால் பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவருக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனாள். எங்கே போவதென்று தெரியவில்லை. தெருமுனையில் ஒரு தையல்காரி கடை வைத்திருந்தாள். அங்கே போய் நின்றாள். "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் தையல்காரி. அன்றிலிருந்து ஐந்து முதல் ஆறு வரை அந்த ஸ்டூல் அவளுடையது. பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். யார் ரவிக்கை யாருக்குப் பிடிக்கிறது, எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அதற்குள்ளாகவே அவளுக்கு முகத்தில் சதை போட்டது. சிரிப்பு வந்தது. அறுபத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்த ஒரே சொத்து அந்த ஒரு மணி நேரம்.

அதற்குத்தான் உலை வைத்தாள் பெற்ற மகள்.

மகள் தூரத்தில், வேறு ஊரில் வேலையாக இருந்தாள். அப்பா செல்லம். அப்பா எதையும் அவளுக்குக் காட்டிக்கொண்டது கிடையாது. அவள் ஒரு பேட்டரி நாற்காலி வாங்கி அனுப்பினாள். இடது கைப்பக்கம் ஒரு சின்னப் பிடி, அதைச் சாய்த்தால் போகும், விட்டால் நிற்கும். ஓவர்சியர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கூடத்தில் நாலு சுற்றுச் சுற்றி, வராந்தாவுக்கு வந்து, மண் பாதையைப் பார்த்து நின்றார். கேட்டுக்கு வெளியே சாக்கடைப் பாலத்தின் மேல் எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் அவர்களையே பார்த்தார். கண் கலங்கியது.

அதை மகளிடம் சொன்னது தெரபிக்காக வரும் பெண். மறுநாளே போன்.

"அம்மா, அந்தப் பாதையை நல்லாப் போட்டுடலாம். அப்பா தானாவே கேட் வரைக்கும் போகணும். சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோட உக்காரணும். அதுதான் அவருக்கு மருந்துன்னு தெரபி அக்கா சொல்றாங்க."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றாள் ஓவர்சியரம்மா. போனை வைத்துவிட்டுக் கேட் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று தெருமுனையைப் பார்த்தாள். தையல்கடை ஸ்டூல் பளிச்சென்று தெரிந்தது. அதில் உட்கார்ந்தால் முகம்கூடத் தெரியும். நாளைக்கு இந்த இடத்தில் அந்த நாற்காலி நிற்கும். அதிலிருந்து அந்தக் கண் இரண்டும் பார்த்துக்கொண்டே இருக்கும்.  வீட்டுக்குள் வந்தபோது ஓவர்சியர் வராந்தாவில் உட்கார்ந்து இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்தே வெகு காலமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நசுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவள் கூச்சப்படவும் இல்லை.

மேஸ்திரி சாம்பிளோடு வந்தார். நிதானமான மனிதர், ஓவர்சியரிடம் முன்பு வேலை பார்த்தவர். வராந்தாவில் வரிசையாக வைத்தார். ஒரு கான்கிரீட் துண்டு, இரண்டு நிறத்தில் பேவர் பிளாக், ஒரு சாக்குப்பையில் உடைத்த ஜல்லி, இன்னொன்றில் கூழாங்கல். கூழாங்கல் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளையும் பழுப்புமாக, ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.

"சாரே செலக்ட் பண்ணட்டும்" என்றார் மேஸ்திரி. "ரோடு விஷயத்துல சாருக்குத் தெரியாததா."

ஓவர்சியர் நாற்காலியை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு பழைய மிடுக்கு வந்துவிட்டது மனிதருக்கு. கான்கிரீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பேவர் பிளாக் பக்கம் குனிந்து, இடது கையால் சாம்பல் நிறத்ததைத் தொட்டு, இரண்டு தட்டுத் தட்டி, நிமிர்ந்து பார்த்தார். "ஆவ்" என்றார். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

"கூழாங்கல்தான் வேணும்ங்குறாரு" என்றாள் ஓவர்சியரம்மா.

ஓவர்சியர் திரும்பினார். மறுபடி பிளாக்கைத் தட்டினார். "ஆவ், ஆவ்."

"அது வேண்டாம்ங்குறாரு மேஸ்திரி. ரெண்டு தடவை சொல்றாரு பாருங்க. கல்லு கல்லா ஜோடிச்சா தரைக்குள்ள தண்ணி இறங்காதாம். என்னங்க, அதுதானே?" என்று அவர் தோளைத் தொட்டுக் கேட்டாள். குரலில் தேன் வழிந்தது.

இரண்டு வருஷமாக அவர் சத்தத்துக்கு அர்த்தம் சொல்பவள் அவள்தான். டாக்டர் கேட்டாலும் அவள்தான் சொல்வாள், மகள் கேட்டாலும் அவள்தான் சொல்வாள். ஓவர்சியரம்மா இல்லையென்றால் அவர் கதி அதோகதி என்று தெருவே மெச்சும். மேஸ்திரி மட்டும் எப்படி நம்பாமல் இருப்பார். ஆனாலும் தலையைச் சொறிந்தார்.

"உருண்டைக் கல்லும்மா. கட்டாது. மிதிச்சா நகரும். வீல்சேர் சக்கரம் புதைஞ்சிரும்."

அது அவளுக்குத் தெரியாதா. முப்பத்தாறு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் ரோடு போடும் வித்தையைத் தவிர வேறு பேச்சே கேட்டதில்லை அவள். உடைத்த கல்லுக்கு மூலை இருக்கும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். உருண்டைக் கல் எவ்வளவு தட்டினாலும் கட்டாது, அதைப் போட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். அப்போது யாரிடமோ சொல்கிற மாதிரித்தான் சொல்வார். கேட்கிற ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதாகவே அவர் நினைத்ததில்லை.

"ஆழம் எவ்வளவு போடுவீங்க?" என்றாள்.

"ரெண்டு இஞ்ச் போதும்மா. அடியில தேன்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கு, கட்டம் கட்டமா இருக்கும். அதை விரிச்சு அதுக்குள்ள கல்லை ரொப்பினா நகராது. சைக்கிள்கூடப் போகும். சார் நாற்காலியும் தாராளமாப் போகும்."

ஓவர்சியர் தலையை வேகமாக ஆட்டினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வலை என்று ஒன்று இருந்தால் இந்தக் கல்லும் சரிதான், எப்படியோ கேட் வரைக்கும் போய்விடலாம் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டது அவளுக்குப் புரிந்தது.

"வலை வேண்டாம்" என்றாள். "நாலு இஞ்ச் போடுங்க."

"அம்மா, நாலு இஞ்ச் போட்டா நீங்களே நடக்கத் திணறுவீங்க."

"சாருக்கு வெளிய வரவே இஷ்டமில்ல மேஸ்திரி." அவள் குரலைத் தாழ்த்தினாள், ஆனால் ஓவர்சியர் காதில் விழுகிற அளவுக்கு. "வாய் கோணிக் கிடக்கு, எச்சில் ஒழுகுது. பழைய ஆளுங்க பாத்தா கூச்சம். பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு சும்மா இருக்காரு. நம்ம போடுறதைப் போட்டுருவோம், அழகா இருந்தாச் சரி."

மேஸ்திரி ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் வாயிலிருந்து எச்சில் ஒழுகத்தான் செய்தது. கோபத்தில் இன்னும் அதிகமாக ஒழுகியது. மேஸ்திரிக்கு நெஞ்சு கனத்துவிட்டது. "சரிம்மா" என்று சாக்குகளைக் கட்டினார்.

வேலை ஐந்து நாள். முதல் நாள் மண்ணை அரை அடி வெட்டி எடுத்தார்கள். வேர்களை அறுத்தார்கள். இரண்டாம் நாள் அடி ஜல்லி கொட்டி, தட்டுகிற மெஷினை விட்டு இறுக்கினார்கள். வீட்டு ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தது. மூன்றாம் நாள் இரண்டு ஓரத்துக்கும் நீளமான விளிம்புக் கல் பதித்தார்கள். ஐந்து நாளும் காலை எட்டு மணிக்கு ஓவர்சியரை வராந்தாவில் கொண்டுவந்து நிறுத்துவது அவள் வேலை. நாற்காலியின் சாவியைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொள்வாள்.

"பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச வேலையாச்சே, நல்லாப் பாருங்க" என்பாள்.

அவர் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார், கழுத்தைத் திருப்பினால் சுவர். அடி ஜல்லி போட்ட அன்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அது நல்ல வேலை. நல்ல வேலையைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் மறந்துவிடும். நாலாம் நாள் கறுப்புத் துணி விரித்தார்கள், புல் முளைக்காமல் இருக்க. அதற்கு மேல் வலை வரப்போகிறது என்று அவர் காத்திருந்தார். வலை வரவில்லை. லாரி பின்பக்கமாக வந்து நின்று கூழாங்கல்லைச் சரித்தது. பெரிய மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓவர்சியர் இடது கையால் நாற்காலியை அடித்தார். ஆவ் ஆவ் என்று கத்தினார். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சந்தோஷத்துல கத்துறாரு" என்றாள் அவள். பிறகு அவர் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டாள்.  "இதுல கால்தடம் விழாதுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "எத்தனை தடவை போனாலும் வந்தாலும் ஒரு தடம் விழாது. எனக்கு அதான் பிடிச்சிருக்கு."

அவர் அழுகையை நிறுத்தினார். அவளையே பார்த்தார். அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு விஷயத்தை அவருக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு உள்ளே போய் வேலையாட்களுக்கு டீ போட்டாள், சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக.

பாதை முடிந்த அன்று மகள் போனில் படம் கேட்டாள், ஓவர்சியரம்மா அனுப்பினாள். "அப்பா செலக்‌ஷன்னா சும்மாவா? என்ன அழகு. போய் வந்தாரா?" என்றாள் மகள்.

"போவாரு. அவசரப்பட்டா எப்படி."

மறுநாள் சாயங்காலம் அவர் கிளம்பினார். சாவியை அவளே போட்டுக் கொடுத்தாள். வராந்தாவிலிருந்து இறங்கப் போட்டிருந்த சரிவில் நாற்காலி நன்றாகத்தான் இறங்கியது. கல்லுக்குள் இரண்டு அடி போனது. பிறகு சக்கரம் சுற்றியது, கல் தெறித்தது, நாற்காலி அதே இடத்தில் கீழே கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஓவர்சியர் பிடியை முன்னால் சாய்த்தார், பின்னால் இழுத்தார். அவருக்குத் தெரியும், இனி ஒரு ஆள் வந்து பலகை கொடுத்துத் தூக்கினால்தான் உண்டு. ஐந்து மணி ஆகியிருந்தது. ஓவர்சியரம்மா செருப்பை மாட்டினாள்.

அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினாள். கல்லில் கணுக்கால் புதைய, மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். கேட்டைத் திறந்தபோது போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "அட, ஓவர்சியர் காத்து வாங்க வந்துட்டாரா" என்று கையை ஆட்டினார். ஓவர்சியரும் இடது கையைத் தூக்கினார். உதவிக்குக் கூப்பிட்டார். போஸ்ட்மாஸ்டர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார்.

"கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னாரு. யாரும் போய்த் தொந்தரவு பண்ணிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தெருமுனைக்குப் போனாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒன்றேகாலாயிற்று. தையல்காரி சொன்ன ஏதோ ஒரு கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், தலை தொங்கி, வேட்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகை வைத்து, எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, மேலே ஏற்றினாள். குளிப்பாட்டினாள். பவுடர் போட்டாள். குறை சொல்ல முடியாது, அதெல்லாம் சுத்தமாகச் செய்வாள்.

அதன் பிறகு அவர் வராந்தாவுக்கு வரவில்லை. கூடத்து ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்திக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் கேட்கூடத் தெரியாது, வேப்பமரம் மறைக்கும். ஓவர்சியரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு வாரம் ராஜாங்கம்தான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், தையல்கடையிலிருந்து திரும்பிக் கேட்டைச் சாத்தி, கல்லில் நாலு அடி வைத்ததும் வீட்டுக்குள் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். உள்ளே போனால் யாரும் இல்லை. ஜன்னலோரத்தில் ஓவர்சியர் மட்டும்தான். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"முப்பத்தி ஏழு" என்றார். கோணல் வாயிலிருந்து வந்தாலும் தெளிவாக வந்தது. அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தெரபிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்படித்தாம்மா வரும். இவங்களுக்குப் பேச்சு வராது, ஆனா எண்ணிக்கை, கிழமை, மனப்பாடமா இருக்குறது முதல்ல வரும். அர்த்தம் தெரிஞ்சு சொல்றதில்ல, தானா ஓடும். எப்ப ஆரம்பிக்கிறாருன்னு கவனிச்சீங்களா?" ஓவர்சியரம்மா கவனிக்கவில்லை என்றாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. மறுநாள் ஐந்து மணிக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஓவர்சியரம்மாவின் செருப்புக் கல்லில் பட்டுக் கரக் கரக்கென்றதும் ஓவர்சியர் நிமிர்ந்து, கேட் சாத்துகிற சத்தத்துக்குப் பிறகு "ஒண்ணு" என்றாராம். திரும்பி வந்து கல்லில் கால் வைத்ததும் நிறுத்தினாராம்.

"உங்க காலடிச் சத்தம்தாம்மா அவருக்கு மணி அடிக்கிற மாதிரி" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "என்ன பாசம் பாருங்க."

மகள் போனிலேயே தேம்பி அழுதாள். "அம்மா, அப்பா குரலைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. நீ தினமும் போ. விடாமப் போ. இன்னைக்கு எவ்வளவு எண்ணினாரு?"

"நூத்திப் பத்து. நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் வருது."

"நாளைக்கு எவ்வளவுன்னு சொல்லு."

அர்த்தம் தெரியாமல் ஓடுகிறதாம். ஓவர்சியரம்மா சிரிக்கக்கூட முடியாமல் நின்றாள். உள்ளே வரும்போது அவர் அவளை நேராகப் பார்த்து, அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை சொல்வார். இருநூற்றி நாற்பது. முந்நூற்றிப் பதினெட்டு. அவ்வளவுதான், வேறு வார்த்தை கிடையாது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவளை எதிரே உட்கார வைத்த அதே பார்வை. எண் சொன்ன பிறகு கஞ்சி ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். இருநூற்றுக்குள் திரும்பி வந்தால் திறப்பார்; அதனால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்த சூட்டோடு எழுந்து வரத் தொடங்கினாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் போய்ப் பார்த்தாள். கல் புரண்டது, உள்ளே "ஒண்ணு" கேட்டது. விளிம்புக் கல் மேல் கைகளை விரித்துக்கொண்டு நடந்து பார்த்தாள். பாதி வழியில் சறுக்கி, முட்டி பெயர்ந்தது. அவரைப் பின்னறைக்குத் தள்ளி வைத்தாள். தெரபிப் பெண் வந்து, "ஏம்மா இப்படிப் பண்றீங்க, நல்லா வந்துக்கிட்டிருக்குறதைக் கெடுக்கலாமா" என்று ஜன்னலோரத்துக்கே கொண்டுவந்தாள். கடைசியில் மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கல்லை அள்ளிவிட்டுக் கான்கிரீட் போடச் சொன்னாள். மேஸ்திரி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று சீறினாள் மகள். "அப்பா ஆசைப்பட்டு எடுத்த கல்லு. அவருக்குப் பேச்சு வந்ததே அந்தக் கல்லாலதான். அதைப் போய் அள்ளணுமா? உனக்கு அவர் நல்லாகுறது பிடிக்கலையா?"

 உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், பலகை பிடித்து மண் இழுத்த காலத்திலிருந்து. மகள் நம்ப மாட்டாள். நம்பினாலும், அப்புறம் கூழாங்கல்லை யார் காட்டியது என்று கேட்பாள்.

ஒரு நாள் வீம்புக்கு முழு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். ஓவர்சியர் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தார். குரல் கம்மி, வியர்த்துக் கொட்டி, தெரபிப் பெண் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தவே மாட்டேங்குறாரு. பிரஷர் ஏறிடுச்சு. இவ்வளவு நேரம் விடாதீங்க. பத்து நிமிஷம், மிஞ்சினா பத்து நிமிஷம்." மகளுக்கும் செய்தி போயிற்று. மகள் கெஞ்சினாள், "அம்மா, எனக்காக. சீக்கிரம் வந்துடும்மா."

இப்போதும் ஐந்து மணிக்கு ஓவர்சியரம்மா கிளம்புகிறாள். போகாமலும் இருக்க முடியாது, அது வைத்தியம். தையல்காரி ஸ்டூலைப் போடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை அவள் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையை ஆரம்பத்திலிருந்து விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அத்தை மண்டபத்துக்கு நடுவில் நின்று என்ன சொன்னாள் தெரியுமா என்று கேட்டு, பதில் வராமல் தையலிலிருந்து நிமிர்ந்தாள்.

"என்னம்மா, வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

ஓவர்சியரம்மா வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய்க்குள் அது நிற்கவில்லை. முந்நூற்றி எழுபத்தொன்று, முந்நூற்றி எழுபத்திரண்டு. எப்போது ஆரம்பித்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கேட்டைச் சாத்தியபோதே ஆரம்பித்திருக்க வேண்டும். "வர்றேன்" என்று எழுந்தாள். "கதையைக் கேட்டுட்டுப் போங்கம்மா" என்றாள் தையல்காரி. அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் பாலத்தின் மேலிருந்து ஏதோ கேட்டார். பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். முட்டி வலிக்க வலிக்க ஓட்டமும் நடையுமாக வந்து கேட்டைத் திறந்து, கல்லில் காலை வைத்தாள். நானூற்றி எண்பத்தாறு.

ஜன்னலில் குரல் நின்றது. பிறகு ஒரே ஒரு தடவை, அவளுக்குக் கேட்கும்படியாக வந்தது.

"நானூத்தி எண்பத்தெட்டு."

ஓவர்சியரம்மா கல்லில் கணுக்கால் புதைய அப்படியே நின்று, அந்த இரண்டை எங்கே விட்டோம் என்று யோசித்தாள்.